புகையானின் எச்சில்

டில்லியின் வடகோடியில், யமுனைக் கரைப் பல்லா பக்கத்து நெல்வயல்களில் பயிரின் தூரை விலக்கிப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே எள்ளளவுப் பழுப்புப் பூச்சிகள் மொய்த்திருப்பதுண்டு. விரல் நீட்டினால் பக்கவாட்டில் நகர்ந்து தண்டின் மறுபுறம் ஒளியும். இந்தியில் இது பூரா ஃபுத்கா, தமிழில் புகையான். சாறு போன பயிர் வட்டம் வட்டமாகப் புகைபட்டதுபோல் கருகுவதைக் கண்டு வைத்த தமிழ்ப் பெயரே பொருத்தமானது. நெல்லைத் தவிர வேறெதிலும் இது பெருகுவதில்லை. கோதுமை நிற்கும் மாதங்களில் இங்கே இதற்கு இரையில்லை.

எல்லா நெல்லையும் இது ஒன்றுபோல் உறிஞ்ச முடியாது. முட்கோ என்னும் இந்திய ரகத்தில் பூச்சி பட்டினி கிடந்து சாகும். காரணம் பிபிஎச்1 என்ற மரபணு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை ஏற்றி 1973இல் ஐஆர் 26 ரகத்தை வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே தென்கிழக்காசியாவில் அந்த ரகமும் கருகியது. 1976இல் வேறு மரபணுவோடு ஐஆர் 36 வந்தது. வேடிக்கை என்னவென்றால், முட்கோ பிறந்த இந்தியாவிலேயே புகையானுக்கு பிபிஎச்1 ஒரு பொருட்டல்ல.

பூச்சி ரகத்துக்குப் பழகிவிட்டது என்பார்கள். பழகியது கூட்டம், தனிப் பூச்சி எதையும் கற்பதில்லை. பிபிஎச்1ஐ மீறும் திறன், புகையானின் பத்தாவது இணைப்புத் தொகுதியிலுள்ள ஒரே ஒடுங்கு மரபணுவால் வருவது என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். தாய்வழியும் தந்தைவழியும் அந்த வடிவமே வந்தால்தான் திறன் வெளிப்படும். ஒரு பிரதி மட்டும் உள்ள பூச்சி சாதாரணமாகத் தெரியும், அடுத்த தலைமுறைக்கு அதைச் சுமந்து செல்லும். கண்ணுக்கெட்டியவரை பிபிஎச்1 உள்ள ஒரே ரகத்தை நட்டால் இரட்டைப் பிரதிப் பூச்சிகள் மட்டுமே வயிறார உண்ணும், அவற்றின் வாரிசே வயலை நிரப்பும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதமே ஆவதால் ஒரு பருவத்திலேயே கணக்கு மாறத் தொடங்கும்.

பூச்சி உண்டதா, பட்டினியா என்பதை அதன் கழிவுத்துளியே சொல்லும். செடியடியில் புரோமோகிரெசால் பச்சை தோய்த்த வடிதாளை விரித்தால், சல்லடைக் குழாய்ச் சாற்றைக் குடித்த பூச்சியின் துளி நீல விளிம்போடு படியும்.

செடி எதைக் கண்டு எதிர்க்கிறது என்பது தெரிய நாளாயிற்று. காட்டு நெல்லிலிருந்து வந்த பிபிஎச்14 மரபணுவை 2009இல் சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்தார் பிரித்தெடுத்தனர். பூச்சி ஊசிவாயைச் செருகும்போது விடும் எச்சிலிலுள்ள ஒரு புரதத்தை அந்த மரபணுவின் புரதம் நேரே பற்றிக்கொண்டு எதிர்ப்பைத் தொடங்குகிறது என்பது 2023இல் வெளியானது. ஆக, செடி கண்காணிப்பது எச்சிலை.

பட்டாம்பியின் பிடிபி 33 என்ற நெல் ரகத்துக்குப் பல எதிர்ப்பு மரபணுக்களின் துணையுண்டு. ஒன்றை மீறும் பூச்சிக்கு அடுத்தது காத்திருக்கும். நாற்றுப்பெட்டிச் சோதனையில் ஒரு வரிசை எதிர்ப்பில்லாத டிஎன் 1 ரகம், ஒரு வரிசை பிடிபி 33 விதைத்துப் பூச்சிகளை விடுவார்கள். டிஎன் 1 மடிந்ததும் மதிப்பெண் போடப்படும். அப்போதும் பிடிபி 33 பச்சையாக நிற்கும்.