வால்கயிறு

தாத்தா மாடு பூட்டிக் கமலை இறைத்த கிணறு ஊரில் இன்னும் இருக்கிறது. மாடுகள் சரிவில் இறங்க இறங்க, தண்ணீர் முகந்த கூனை மேலே வரும். கூனையைத் தூக்கும் பெருங்கயிற்றுக்கு வடம் என்று பெயர். கூனையின் அடியில் தைத்த தோல்வாலை மடக்கிப் பிடித்தபடி இன்னொரு சிறு கயிறும் கூடவே வரும். கூனை கிணற்று விளிம்பை எட்டியதும் அந்தக் கயிறு வாலைத் தொட்டிப் பக்கம் இழுத்துவிட, தண்ணீர் தானாகக் கொட்டும். அந்தச் சிறு கயிற்றின் பெயர்தான் எனக்கு மறந்துபோனது.

கூகுளில் தேடினேன். தேடுபொறி பெரும்பாலும் நாம் தட்டும் சொல்லைக் கொண்டே பக்கங்களைத் தேடும். எனக்குத் தொலைந்ததே அந்தச் சொல்தான். கமலையைப் பற்றிச் சில பக்கங்கள் வந்தன. வடம் இருந்தது, கூனை இருந்தது, அந்தச் சிறு கயிறு இல்லை.

பிறகு ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம், பெரியவர் ஒருவரிடம் கேட்பதுபோல விவரித்துக் கேட்டேன். நான் சொன்னதை அது அப்படியே புரிந்துகொண்டது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். கயிற்றுக்கு ஒரு பெயரும் சொன்னது. கேட்க நல்ல தமிழாக இருந்தது. எங்கே இருக்கிறது என்றேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் என்றது.

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அகராதி அது. சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பார்த்தேன். அப்படி ஒரு சொல்லே அதில் இல்லை.

இந்தச் செயலிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே பதில் எழுதுகின்றன. எழுத்தில் நிறையக் கிடைக்கும் விஷயத்தில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் பலிக்கிறது. வட்டார வழக்கு எழுத்தில் ஏறியதே குறைவு. அங்கே தேடுபொறி வெறுங்கையோடு திரும்பியது. செயலியோ இல்லாத சொல்லைக் கொண்டுவந்தது. வெறுங்கை எனக்கு எவ்வளவோ மேல். அது நேர்மையான பதில்.

கடைசியில் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "வால்கயிறுடா" என்றார், யோசிக்கக்கூட இல்லை.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இப்படிப்பட்ட சொற்களைச் சேர்த்து 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதி தந்தார். மற்ற வட்டாரச் சொற்கள் பல இன்னும் பெரியவர்களின் நாவில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஏர், உலக்கை, தறி, வலை என்று ஒவ்வொன்றின் உறுப்புக்கும் பெயர் கேளுங்கள். கேட்டதை விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுங்கள். இந்த விடுமுறையிலேயே கேளுங்கள்.