இந்தச் சூடு எங்கே போகும்?

லுஹர் தொழுதுவிட்டு முஸல்லாவை மடித்துக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"உம்மா, திரும்பவும் நின்டுட்டுது!"

அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. மகள் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். வெளிநாட்டில் கட்டப்போகும் வீடுகளின் வரைபடம் வரும். சுவர், ஜன்னல், வெளிச்சம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, கட்டி முடித்த வீடு போல ஒரு படம் செய்து அனுப்ப வேண்டும். கம்பியூட்டர் ஒரு படத்துக்கு நாலைந்து மணி நேரம் ஓயாமல் ஓடும். இடையில் சூடேறி நின்றுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்துதான். சொன்ன நாளில் கொடுக்காவிட்டால் அடுத்த வேலை வராது. எங்கள் வீட்டுச் செலவில் அவள் உழைப்புக்கும் பங்கு இருப்பதால் இதை விளையாட்டாக எடுக்க முடியவில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உம்மா, உள்ளுக்கு இருக்கிற காத்தாடி காணாது. தண்ணியால குளிராக்கோணும்."

நான் திடுக்கிட்டுப் போனேன். கரண்டும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள்ளா?

"செலவு எவ்வளவு மகள்?"

"ஒன்டரை இலட்சத்துக்கு மேல வரும்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

எனக்குச் சீட்டு விழுந்திருந்தது அவளுக்குத் தெரியும். அந்தப் பணம் எதற்கென்றும் தெரியும். சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்து கட்டிய வீடு இது. முன்பக்கம் ஓடு போட்டோம். பின்னால் இழுத்துக் கட்டிய அறைக்குச் சீற்தான். அந்த அறைக்கு ஒரு சீலிங் அடிக்க வேண்டும் என்றுதான் இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டினேன்.

மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை. "முதல்ல என்ன செய்யப் போறீங்கள் என்டு ஒரு கடதாசியில எழுதுங்க. எனக்கு விளங்கோணும். வாப்பாவோடயும் மஷூறா செய்வம்" என்றேன்.

மறுநாள் கொப்பியில் படம் கீறிக்கொண்டு வந்தாள். பள்ளிவாசல் ஹவுள் போல ஒரு சின்னத் தண்ணீர்த் தாங்கி. அதிலிருந்து ஒரு பம்ப் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர் குழாய் வழியே போய், கணக்குப் பார்க்கும் சில்லின் மேல் இறுக்கிய செப்புக் கட்டிக்குள் நுழைந்து சூட்டை வாங்கும். பிறகு படத்தைத் தீட்டும் அட்டையின் சூட்டையும் வாங்கும். அங்கிருந்து ரேடியேற்றருக்குப் போகும். மின்விசிறி காற்றை ஊதிச் சூட்டை வெளியே தள்ளும். ஆறிய தண்ணீர் மறுபடி தாங்கிக்கே வரும். ஒரு துளியும் வெளியே போகாத வட்டம்.

"எத்தனை குடம் தண்ணீர் வேணும்?"

"குடமா? ஒரு லீற்றர் காணும் உம்மா. ஒரு வருசத்துக்கு அதுதான் சுத்தும்."

எனக்கு அது பிடித்திருந்தது. 1990 ஒக்ரோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுமி. புத்தளத்து முகாமில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்குத் தண்ணீர் வீணாவதைப் பார்க்க முடியாது.

இவர் லொறிச் சாமான் வியாபாரத்தில் முப்பது வருடம் இருந்தவர். படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "இது லொறி எஞ்சின்தானே! எங்கட கிணத்துத் தண்ணி மட்டும் ஊத்திப் போடாதீங்க" என்றார்.

அது எனக்கும் தெரிந்த விஷயம். யாழ்ப்பாணம் சுண்ணக்கல் பூமி. மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கொதிக்க வைத்தால் அந்தச் சுண்ணாம்பு பிரிந்து கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. புளி போட்டு எத்தனை தரம் உரஞ்சியிருப்பேன்! செப்புக் கட்டிக்குள் இருக்கும் வாய்க்கால்கள் அரை மில்லிமீற்றரிலும் ஒடுக்கமானவை என்றாள் மகள். அங்கே புளி போட்டு உரஞ்ச முடியுமா? ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். அதில் பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க மருந்து சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இதற்கென்றே விற்கும் கலவையை வாங்கலாம். பற்றரிக்கு ஊற்ற விற்பதில் அசிட் கலந்ததும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது என்று இவர் எச்சரித்தார்.

இன்னொன்றும் சொன்னார். "செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணியில சேர்க்காதீங்க. ஒன்டு மற்றதைத் தின்டு போடும்." மகள் கொப்பியைப் பார்த்தாள். மலிவென்று அவள் எழுதி வைத்திருந்த ரேடியேற்றர் அலுமினியம்! பேசாமல் அதை வெட்டினாள்.

என் மனதில் ஒரு சந்தேகம் கிடந்தது. "பெரிய இடங்களிலயும் இப்படிச் செய்யுறாங்களா?" என்று கேட்டேன்.

திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' என்ற மீக்கணினியை 2022 மே 25 ஆம் திகதி தொடங்கி வைத்தார்கள். 838 டெராஃப்ளொப்ஸ் வேகம். அதற்கும் சூடேறும் பாகங்களை ஒட்டித் திரவத்தை ஓடவிடும் முறைதான். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் 2010 இல் அமைத்த 'அக்குவாசார்' என்ற கணினிக்கு 60 பாகைச் சுடுதண்ணீரையே உள்ளே அனுப்பினார்கள். அதைவிடச் சூடாக வெளியே வந்த தண்ணீரின் வெப்பத்தைக் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள்.

சுடுதண்ணீரால் குளிராக்குவதா? அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து போகிறது, அவ்வளவுதான். சூரிச்சில் அந்தச் சூடு கட்டடத்துக்குத் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில்?

"மகள், இந்தச் சூடு எங்க போகும்?"

"ரேடியேற்றரால வெளியில போகும் உம்மா."

"வெளியில என்டா?"

அவள் பதில் சொல்லாமல் நிமிர்ந்து சீற்றைப் பார்த்தாள்.

கணக்குப் போட்டாள். சில்லும் அட்டையும் முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 450 வாற் வெப்பம் வரும். பழைய 60 வாற் குண்டு மின்குமிழ்கள் ஏழெட்டை ஒரே அறையில் எரியவிட்ட மாதிரி. 100 முதல் 150 வாற் வரைக்கு 120 மில்லிமீற்றர் மின்விசிறி ஒன்று பொருந்தும் அளவு ரேடியேற்றர் வேண்டுமாம். அப்படியானால் நாலு. அறை சூடென்றால் ஐந்து. தண்ணீர் எந்தப் பாகத்துக்கு முதலில் போகிறது என்பது பெரிதல்ல. நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடினால், முழுச் சூட்டையும் வாங்கியும் தண்ணீர் 2 பாகைகூட ஏறாது. தாங்கி மட்டும் பம்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பம்ப் வெறுமையாக ஓடினால் பழுதாகிவிடும்.

"இவ்வளவு செய்தா தண்ணி சில்லென்டு இருக்குமா?"

"இல்லை உம்மா. அறைச் சூட்டுக்குக் கீழ போகவே போகாது. 10 பாகை கூடத்தான் நிக்கும்."

"அப்ப எங்கட மண்பானைத் தண்ணி மட்டும் எப்படி அறையை விடக் குளிருது?"

சற்று யோசித்துச் சொன்னாள். பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. போகும் தண்ணீர் சூட்டையும் கொண்டு போகிறது. இங்கேயோ துளியும் வெளியே போகாத மூடிய வட்டம். ஆகவே அறைக் காற்றை விட அது குளிராது.

பின்னேரம் மூன்று மணிக்கு வெப்பமானியை எடுத்துக்கொண்டு இரண்டு அறைகளுக்கும் போனாள். ஓடு போட்ட ஹோலில் 32 பாகை. அவளுடைய சீற் அறையில் 37. அந்த அறையில் வட்டத்துத் தண்ணீர் 47 பாகையில் நிற்கும். இத்தனை செலவழித்துத் தள்ளுகிற சூடும் அதே அறைக்குள்தான் நிற்கும்.

அன்றிரவு கொப்பியோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள். "உம்மா, நான் வாங்க வேண்டிய சாமானில முதலாவது பம்பும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை. சீலிங்."

நான் ஒன்றும் பேசவில்லை. கண் கலங்கியதை அவள் காணாதபடி குசினிக்குப் போனேன். அந்தப் பணம் அவளுக்கென்றுதான் வைத்தது என்பதை அவளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். நான் சொல்லியிருந்தால் அது உம்மாவின் பிடிவாதமாகத்தான் தெரிந்திருக்கும்.

சீலிங் அடித்தோம். பணத்தில் பாதிகூட முடியவில்லை. சோளகக் காற்று வரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற அலுமாரியை நகர்த்தினோம். கடல்நீரேரிப் பக்கத்துக் காற்றில் உப்பும் தூசியும் வருமென்பதால் வலை போட்டோம், வாரம் ஒரு தரம் கழுவுகிறோம். கம்பியூட்டருக்குள் அடைந்திருந்த தூசியைத் தட்டி, சில்லின் மேல் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினாள். இப்போது பின்னேரத்தில் அறை 33 பாகை. வேலை இடையில் நிற்பது குறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

தண்ணீர்த் திட்டத்தை அவள் கைவிடவில்லை. ஐந்து என்றிருந்த ரேடியேற்றர் கணக்கு நாலாகக் குறைந்திருக்கிறது. தன் உழைப்பிலேயே மாதம் ஒரு சாமானாக வாங்குகிறாள். எல்லாம் செம்பு, பித்தளை. வருடத்துக்கொரு தரம் தண்ணீரை மாற்ற வசதியாக, வட்டத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு திருகு குழாயும் படத்தில் சேர்த்திருக்கிறாள். கடைசிச் சாமானும் வந்தபின் ஒரு சோதனை இருக்கிறது. மற்றப் பாகம் எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே ரிஷூக் கடதாசி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கடதாசி நனைந்தாலும் நிறுத்தி இறுக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதானே தவக்குல்!

சகோதரிகளே, பிள்ளைகள் நமக்கு விளங்காத ஒன்றைக் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே பணத்தை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேத்தலும் மண்பானையும் நமக்குக் கற்றுத் தந்தவை அவர்களுடைய கணக்குக்கும் உதவும்.

அந்தச் சோதனை இரவில் மகளை ஸுபஹ் வரை தனியே விழித்திருக்க விடமாட்டேன். கடதாசி வைக்க வேண்டிய மூட்டுகள் எத்தனை என்று இப்போதே எண்ணி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு. இன்ஷா அல்லாஹ், பன்னிரண்டும் காய்ந்தே இருக்கும்.