கேளாக் கடன்

வாடகைக்கு இருப்பவர்களின் கஷ்டங்களை எழுதாத பேர் இல்லை. வாடகைக்கு விட்டவர்களின் கஷ்டத்தைத்தான் கேட்பார் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இன்று பேனாவைப் பிடித்தோம்.

திருவல்லிக்கேணியில் நமக்கு ஒரு சிறிய வீடு உண்டு. அதன் மாடி அறையை மாதம் ரூ. 6,000 வாடகைக்குக் கல்லூரி மாணவன் ஒருவனுக்கு விட்டிருந்தோம். ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தான். பையன் பரம சாது. அவனிடம் போய்ப் பத்திரம் கேட்பதாவது என்று விட்டுவிட்டோம். பிற்பாடு நான்கு மாத வாடகை நின்று போயிற்று. நம் பென்ஷன் அரிசி பருப்புக்குச் சரியாகிவிடும். மருந்துக் கடைக்குப் போவது அந்த வாடகைதான்.

பையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் மாடியேறப் பழகிக்கொண்டான். நாமோ அவன் வரும் நேரம் பார்த்துப் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டோம். கடன்பட்டவன் ஒளிவது உலக வழக்கம். கடன் கொடுத்தவரும் ஒளிந்தது நம் வீட்டில்தான்!

யோசனை சொல்ல நண்பர்களுக்குக் குறைவில்லை. "அறையைப் பூட்டிவிடும்" என்றார் ஒருவர். "மின்சாரத்தை நிறுத்தும்" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் பையனுடைய லாப்டாப்பை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வக்கீல் நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். "இதில் எதைச் செய்தாலும் குற்றவாளி அவனல்ல, நீர்தான்!" என்றார். பிறகு விவரமாகச் சொன்னார்: தமிழ்நாட்டில் 2019 முதல் அமலில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கியானால் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மாதத்திற்குள் பணம் வராவிட்டால், அறையைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை நாடலாம். பாக்கித் தொகைக்கு 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலன்றித் தகப்பனாரைக் கேட்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளையின் கடன் பிள்ளையுடையதே.

"முன்பணம் போக 18,000 ரூபாய்க்கு வழக்காடினால், மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளும்" என்று முடித்தார்.

வீட்டிற்கு வந்து நோட்டீஸ் எழுத உட்கார்ந்தோம். நம் சகதர்மிணி, "கேளாக் கடன் பாழ் என்பார்களே, நீங்கள் ஒரு தரமாவது வாய் திறந்து கேட்டீர்களா?" என்றாள். நமக்குச் சுருக்கென்றது.

அன்றிரவு பையனைக் கூப்பிட்டு மருந்துச் சீட்டை அவன் முன் வைத்தோம். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனாருக்கு வேலை போய்விட்டதாம். இரவெல்லாம் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுத்துக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியிருக்கிறான்; வாடகைக்கு மிஞ்சவில்லை.

"முதல் மாதமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், ஸார். நீங்கள் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை" என்றான்.

கோபமும் இரக்கமும் ஒருங்கே வந்தன. ஆனால் இரக்கப்பட்டால் மருந்துக் கடைக்காரர் விடுவாரா? முன்பணத்தைக் கழித்துக்கொண்டு, மீதியை மாதம் ரூ. 2,000 வீதம் 9 தவணைகளில் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டான். அந்தக் கையெழுத்தின் தேதியிலிருந்து 3 ஆண்டுக் கெடு புதிதாகத் தொடங்கும் என்று வக்கீல் நண்பர் பின்னர் சொன்னார். பையன் இன்னும் மூவரோடு சேர்ந்து மலிவான அறை ஒன்றுக்குக் குடிபோனான்.

மூன்று தவணைகள் ஒழுங்காக வந்தன. நான்காவது ஐந்து நாள் தாமதம். இந்தத் தடவை நாமே போன் செய்து கேட்டோம், மறுநாள் வந்துவிட்டது.

மாடிக்கு இப்போது வேறு மாணவன் வந்திருக்கிறான். முதலில் பத்திரம், பிறகுதான் சாவி. மாதம் பிறந்தால் தயங்காமல் வாடகை கேட்கிறோம். அவன் மாடியேறும்போது செருப்புச் சத்தம் தாராளமாகக் கேட்கிறது.