பெயின்ட்டைப் பார்த்து வீடு வாங்கலாமா?

வேளச்சேரியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃப்ளாட், தரைத்தளம். என் பதினைந்து பவுனும் இவருடைய பி.எஃப். பணமும் போடப் போகிற இடம்.

"பளிச்சுனு பெயின்ட் அடிச்சிருக்கான். அட்வான்ஸ் கொடுத்துடலாமா?" என்றார் இவர். எனக்கு அந்தப் பெயின்ட்தான் உறுத்திற்று. சுவரின் அடிப்பக்கம் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று ஓதம். சின்னவனுக்கோ வீஸிங். ஓதச் சுவரில் பூஞ்சை பூத்தால் அவன் மூச்சுக்கு ஆகுமா?

வாசலில் இஸ்திரி வண்டிக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "2015 டிசம்பர்ல இடுப்பளவு தண்ணிம்மா. 2023 புயலுக்கும் வந்துச்சு" என்றாள். புரோக்கர் மூச்சு விடாத சங்கதி!

அடுத்த தெருவில் இரண்டாம் மாடியில் ஒன்று வந்தது. நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்துப் போனோம். தெருவில் தண்ணீர் வடிந்திருந்தது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவதுண்டா என்று பக்கத்து வீட்டு மாமியைக் கேட்டுக்கொண்டேன். முப்பது வருஷ வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் வக்கீலிடம் போயின.

நம்மில் பலர் கவனிக்காதது, பிரிபடாத மனைப் பங்கு. பழைய கட்டடத்தை ஒருநாள் இடித்தால் நமக்கென்று நிற்பது அந்த மண்தானே! விற்பவர் சொன்னது 450 சதுர அடி. பத்திரத்தில் இருந்தது 380. வக்கீல் காட்டியதும் அவர் முகம் போன போக்கு! விலையைக் குறைத்துக்கொண்டார்.

ஆவணியில் பத்திரப் பதிவு. விலை குறைந்ததில் என் இரட்டைவடச் சங்கிலி மிஞ்சிற்று.