டிரெய்லரில் ஒரு தாழ்வாரம்

ஐப்பசியில் மன்னார்குடியிலிருந்து கூத்தாநல்லூர் வழியாகத் திருவாரூர் போய்ப் பாருங்கள். கொள்முதல் நிலைய வாசல்களில் குறுவை நெல்லோடு டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். டிரெய்லரில் மூட்டைகளுக்கு மேலே தார்ப்பாய்க் கூடாரம். அதற்குள் காவலுக்குப் படுத்திருப்பார் விவசாயி. பக்கவாட்டில் இன்னொரு தார்ப்பாயை இழுத்துக் கட்டித் தாழ்வாரமும் இறக்கியிருப்பார்கள். சமையல், பேச்சு, காத்திருப்பு எல்லாம் அதனடியில்தான்.

கட்டும் விதம்தான் முக்கியம். டிரெய்லர் பக்கம் உயரமாகவும், வெளிப்பக்க மூங்கில்கள் ஒரு முழம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். கயிறு தளர்ந்தால் நடுவில் தொப்பை விழுந்து நீர் தேங்கும். பாரத்தில் பாய் கிழியும். மழை விட்டு வெயில் வந்ததும் மூட்டை மேலுள்ள பாயை விலக்குங்கள். மூடியே வைத்தால் நெல் வியர்த்துவிடும். கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவிகிதம். மூன்றரை மாத உழைப்பை ஒரு மழைக்குக் கொடுக்கலாமா?