மேல்வயல் மனையானால்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் வயலை இன்னும் மாக்கணக்கில்தான் சொல்கிறோம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருந்தாலும் வாயில் வருவது மாதான். ஒரு மா 33 சென்ட். சதுர அடியில் 14,400. இந்த எண் கொஞ்ச நாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சுமாராக விளைந்தால் மாவுக்கு அறுபது கிலோ மூட்டையில் பத்து கண்டுமுதல் ஆகும். அறுநூறு கிலோ. 2024-25 பருவத்தில் பொது ரக நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்தில் ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,405 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் 14,430 வருகிறது. உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் எதையும் கழிக்காமல் ஒரு போகத்துக்குச் சதுர அடிக்கு ஒரு ரூபாய்! அடுத்த வயலில் கல் ஊன்றிக் கொடி கட்டியிருக்கிறார்கள். அங்கே சதுர அடி போகிற விலையைப் பார்த்தபின் நிலத்தை விற்கிறவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. கடைசிப் பெண்ணின் கல்யாணத்துக்கு நெல் பணம் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

வாங்குகிறவர் மேலும் எனக்கு வருத்தமில்லை. மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம், வல்லம் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகங்கள், விமானப்படைத் தளம் என்று ஊர் பெருத்துக்கொண்டே வந்து 2014-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டி வாடகைக்கு வீடு தேடினவருக்குத்தான் தெரியும், மாதச் சம்பளத்தில் எவ்வளவு அதற்கே போகிறது என்று. ஸ்மார்ட் சிட்டி வேலைகள் வந்தபோது அகழிக்கரையில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் ஊருக்கு வெளியே போக வேண்டியதாயிற்று. நடுவூரில் இடம் கிடைக்காத நர்ஸும் வாத்தியாரும் மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் அம்மாவும் பைபாஸைத் தாண்டி மனை பார்க்கப் போகிறார்கள். வேறெங்கே போவார்கள்?

ஆனால் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தஞ்சாவூர் இரண்டு மண்ணுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஊர். தெற்கேயும் மேற்கேயும் வல்லம் வரைக்கும் செம்மண் மேடு. பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-இல் முடிந்த கல்லணைக் கால்வாய், எங்கள் பேச்சில் புது ஆறு, வந்த பிறகுதான் அந்தப் பக்கத்துக்குக் காவிரித் தண்ணீரே எட்டியது. வடக்கேயும் கிழக்கேயும் இறங்கினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஆறாக வரும். அத்தனையும் வண்டல். மேட்டில் வீடு கட்டினால் நெல்லுக்கு நஷ்டம் குறைவு, வீட்டுக்கும் நல்லது. வண்டலில் கட்டினால் இரண்டுக்கும் கேடு. இருந்தும் கும்பகோணம் சாலையிலும் பைபாஸ் ஓரங்களிலும் நஞ்சையில் மனை முளைக்கிறது.

டெல்டாவில் ஒரு வயல் தனியாகப் பிழைப்பதில்லை. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதற்கப்புறம் பல இடங்களில் வாய்க்காலே கிடையாது. மேல்வயல் நிரம்பி, வரப்பில் வெட்டிய மடை வழியாகக் கீழ்வயலுக்குத் தண்ணீர் இறங்கும். மேல்வயல்காரர் விற்றுவிட்டால்? எங்கள் பெரியப்பாவுக்கு அதுதான் நடந்தது. மேலே இருந்த வயலில் செம்மண் கொட்டி முட்டளவு உயர்த்தினார்கள். மடை இருந்த இடத்தில் முப்பதடி ரோடு வந்தது. குறுவைக்குத் தண்ணீர் இறங்கவில்லை. ஐப்பசியில் அந்த மேட்டில் பெய்த மழையெல்லாம் வழிந்து சம்பாப் பயிர் மேல் நின்றது, வடிய வழியில்லை. வரப்பில் குந்தியபடி அழுகின நாற்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். வேர் கறுத்து, கொழகொழவென்று இருந்தது. "தம்பி, நான் விக்கல. என்னைய விக்க வைக்கிறாங்க" என்றார். அடுத்தடுத்த வருஷம் தரிசு போட்டார். தரிசாகக் கிடக்கிற நிலத்துக்குத் தரகர் தானாக வருவார்.

சட்டம் இல்லாமல் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மறு வருஷமே வரன்முறை விதிகள் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகள் கட்டணம் கட்டி உள்ளே வர வழி பிறந்தது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டத்தை நான் மனசார வரவேற்றேன். ஹைட்ரோகார்பனுக்கு எதிராக மக்கள் நின்று போராடி வாங்கியது அது. எண்ணெய்க் கிணற்றையும் உருக்காலையையும் தோல் ஆலையையும் அது தடுக்கிறது. அதன் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை.

இப்படிப்பட்ட பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் ஞாபகம் வரும். ஹுல்ட்ஷ் பதிப்பித்து 1891-இல் வெளிவரத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அவை இருக்கின்றன. ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் பட்டியலை நான் விரும்பிப் படிப்பேன். கி.பி. ஆயிரமாவது ஆண்டையொட்டி நாட்டையே அளந்த பின் வெட்டியவை அவை. வேலியில் 320-இல் ஒரு பங்கு முந்திரிகை. அந்த முந்திரிகையை மறுபடி 320 ஆக்கி, அதையும் மறுபடி 320 ஆக்கி எழுதிக்கொண்டே போகிறார்கள். எந்த அளவுகோலும் தொட முடியாத பின்னம்! கணக்குப் பிள்ளையின் பிடிவாதம் கல்லில் தெரிகிறது.

அதைவிட என்னை நிறுத்துவது கழிவுக் கணக்கு. ஊரின் மொத்த நிலத்தைச் சொன்ன கையோடு எதையெதைக் கழிக்க வேண்டும் என்று வரும். குடியிருக்கும் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகிற வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறையர் சேரி, சுடுகாடு. இவை போக மிச்சம்தான் வரிக்கு உரிய நிலம். ஊருக்கு ஊர் இதே வரிசை சிறு மாற்றங்களோடு திரும்புகிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருஷம் கழித்துப் படித்தாலும் மனசு கூசும். அந்த ஊர்களைப் பொற்காலம் என்று நான் கொண்டாடவில்லை. வீடு எங்கே, யாருக்கு என்பதை அன்றும் அதிகாரம்தான் தீர்மானித்தது. நடவுக்கு ஆள் தந்த தெருக்காரர்களுக்கு வயலில் பங்கில்லை. இன்று வயல் மனையாகும்போது விலையிலும் அவர்களுக்குப் பங்கில்லை, கூலி மட்டும் போய்விடுகிறது.

ஆனாலும் அந்தக் கணக்கில் தண்ணீரின் வழியை முதலில் எடுத்துத் தனியே வைத்தார்கள். விளைச்சல் பேச்சு அதற்குப் பிறகுதான். இன்றைய மனை வரைபடத்தில் ரோடு முதலில் வருகிறது, பிறகு மனை எண்கள், பூங்கா. வாய்க்கால் என்பது கடைசியில் ஓரமாக ஒரு நீலக் கோடு, சிலதில் அதுவும் கிடையாது. வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் அரசு வாய்க்காலாவது இருக்கும். வரப்பு மடைகள் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவை இருப்பது பெரியப்பா மாதிரி ஆட்களின் ஞாபகத்தில். அனுமதி கொடுக்கும் முன் கீழ்வயல்காரரைக் கூப்பிட்டு, உனக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாக வடிகிறது என்று எழுதி வாங்கினால் என்ன? ஒரு நாள் வேலைதானே.

மனை பார்க்க உறவுக்காரர்கள் என்னைக் கூப்பிடுவதுண்டு. பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் வருவார்கள். அப்போது நிலமெல்லாம் வெடித்து, எந்த இடமும் மேடாகத்தான் தெரியும். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கார்த்திகை அடைமழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள் என்கிறேன். போகும்போது மனைக்காரரை விட்டுவிட்டு, பக்கத்து வயலில் நிற்கிறவரிடம் இங்கே மடை எங்கே இருந்தது என்று கேட்கச் சொல்கிறேன். கேட்டவர்களில் சிலர் மேட்டுப் பக்கமே சின்ன மனையாக வாங்கிக்கொண்டார்கள்.