ஆவியும் இடியப்பத் தட்டும்

பிளாஸ்டிக்கினால் விளையும் கேடு பற்றிப் பேச்செழும்போது நம் நினைவு கடற்கரைக்கே செல்கின்றது. 2021ஆம் ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைக் கண்டு மலைநாட்டவராகிய நாமும் இரங்கினோம். நமது அடுப்படியை நோக்கினோமில்லை.

ஐந்து மில்லிமீற்றருக்குக் குறைந்த துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்பர். 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர் மனிதக் குருதியிலும் இவற்றைக் கண்டதாக அறிவித்தனர். இவை உடலுக்கு இழைக்கும் தீங்கின் அளவு இன்னும் முற்றாக நிறுவப்படவில்லை. எனினும் இவை உணவிற் சேரும் வழிகளுள் வெப்பமும் ஒன்று. 2019இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார் பிளாஸ்டிக் இழையாலான தேயிலைப் பையொன்றை 95 பாகை வெந்நீரில் இட்டு, ஆயிரங் கோடிக்கு மேற்பட்ட துணுக்குகள் வெளிப்பட்டதாகக் கூறினர். அவ்வெண்ணிக்கையை ஐயுற்றோரும் உளர். தேயிலைத் தூளையே பாவிக்கும் நமக்கு அப்பை அந்நியமானதே. ஆனால் கொதிக்கும் தேநீரை வடிக்கும் பிளாஸ்டிக் வடிகட்டி அந்நியமானதன்று. அதனை உலோக வடிகட்டியாக மாற்றுதல் எளிது. மாற்றுதற்கு அரியது வேறொன்று.

கெலிஓயாவிலுள்ள எங்கள் வீட்டில் அம்மா அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கின்றார். எனது படிப்புச் செலவும் அதனாலேயே நடைபெறுகின்றது. அவரது பிளாஸ்டிக் தட்டுகள் ஆண்டுக்கணக்காக ஆவியில் வெந்தவை. நகத்தாற் சுரண்டினால் துகள் உதிருமளவுக்கு அவற்றின் இழைகள் நொய்ந்துவிட்டன. அத்துகள் எங்கே செல்லும் என்பதை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. 2023 ஒக்டோபர் 1 முதல் அரசாங்கம் இத்தட்டுகளையும் தடைசெய்தது. ஒருமுறை பாவித்து எறியும் கரண்டி, உறிஞ்சுகுழாய் ஆகியவற்றின் பட்டியலில், பத்தாண்டு உழைக்கும் இடியப்பத் தட்டும் இடம்பெற்றமை சற்று வேடிக்கையே.

பிரம்புத் தட்டு வாங்குவோம் என்றேன். "பிரம்பு காய வெயில் வேணும் மகள். இந்த மழைக்குப் பூஞ்சணம் புடிச்சிரும். ஈரத்தட்ட வச்சிக்கிட்டு விடியக்காலையில நான் என்ன செய்யிறது?" என்றார் அம்மா.

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. பாட்டியின் காலத்தில் தட்டுகள் விறகடுப்புக்கு மேல் தொங்கின. புகையே அவற்றைக் காத்தது. எரிவாயு அடுப்பு வந்ததும் பிரம்புக்கு அவ்வீட்டில் இடமில்லாது போயிற்று. பழமைக்குத் திரும்புமாறு எழுதுவோர் பெரும்பாலும் தட்டுக் கழுவி உலர்த்துவோரல்லர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

2022இல் எரிவாயு கிடையாதபோது அப்பா கொல்லையில் அமைத்த விறகடுப்பு எஞ்சியிருந்தது. இப்பொழுது அதன்மேற் கம்பி கட்டி, பன்னிரண்டு பிரம்புத் தட்டுகளைத் தொங்கவிட்டிருக்கின்றோம். கழுவுதல் என் பங்கு. சுடச்சுட இடியப்பத்தை அடுக்கும் கூடையில் வாழையிலை விரிக்கின்றோம். மிக நொய்ந்த பிளாஸ்டிக் தட்டுகள் அகற்றப்பட்டன. இன்னும் பதினெட்டு உள. கடைக்காரர் விலையில் ஒரு ரூபாவேனும் கூட்டவில்லையாதலால், அவற்றை மாதம் இரண்டாகவே மாற்ற முடிகின்றது.